ஆறுக்குக் குறையக் கூடாது

எங்கள் வீட்டு மீன்தொட்டியில் தண்ணீர் எப்போதும் தெளிவாக இருக்கும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்துதான் ஊற்றுவேன், ஐயா. வாராவாரம் கால்பங்கு மாற்றுவேன். நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

மீன்கள் என் தங்கையுடையவை. நீலக்கோடு போட்ட நியான் மீன்கள், ஆறு இருந்தன. விரல்நுனி அளவுதான். யாரையும் கடிக்காது. ஒன்று திரும்பினால் ஆறும் திரும்பும்.

"ஆறுக்குக் குறையக் கூடாதுக்கா. ஒத்தையா விட்டா பயந்தே வெளுத்துடும்" என்பாள்.

"நானும் ஒத்தையாத்தானடி இருக்கேன்?"

"கண்ணாடில உன் மூஞ்சியப் பாரு, நீ எவ்வளவு வெளுத்திருக்கன்னு தெரியும்."

கேலிதான். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது. அன்றுமுதல் வளர்த்தவள் நான். அவளுக்கு அடிக்கடி மூச்சு இழுப்பு வரும், மருந்துப் பம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதை ஒருநாளும் மறந்ததில்லை. பிறகு வேலைக்குப் போனாள், தோழிகள் வந்தார்கள், ஒரு பையனும் வந்தான். கல்யாணத்துக்குத் தேதி குறித்த அன்று, "மீன்களை நீயே வச்சுக்கோக்கா, உனக்குத் துணையா இருக்கும்" என்றாள்.

வாரம் ஒரு மீனைப் பிடித்து வண்ணமீன் கடையில் கொடுத்தேன். அவளிடம் செத்துவிட்டது என்றேன். கடைசி மீன் செடிக்குள்ளேயே ஒளிந்து கிடந்தது. காற்று மோட்டார் இரைகிறதே என்று நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் மேலே வந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியபடி என் விரலை விட்டு நகரவே இல்லை. கூட்டத்தில் இருந்தவரை என்னைத் திரும்பிப் பார்க்காத மீன். கடைக்காரரிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

"ஐயோ, அது பாசம் இல்லக்கா, மூச்சு முட்டுது. முதல்ல மோட்டாரப் போடுங்க. கூட அஞ்சு தர்றேன், தொட்டியில விடுங்க."

வியாபாரி. அஞ்சு மீன் விற்க வேண்டாமா?

அவளுடைய தோழிகளை விலக்குவது கஷ்டமாக இல்லை. ஒருத்தியிடம், தங்கை உன்னைப் பற்றி இப்படிப் பேசுகிறாள் என்றேன். மற்றவர்களிடம், உடம்பு சரியில்லை, பார்க்க வராதீர்கள் என்றேன். அந்தப் பையனிடம், அவள் மனதில் வேறொருவன் இருப்பதாகச் சொன்னேன். அவளிடம், இழுப்புக்காரி வேண்டாமென்று அவன் வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்றேன். அவளுடைய போனைப் பழுது பார்க்கக் கொடுத்ததாகச் சொல்லி அரிசி டப்பாவில் வைத்தேன். வேலையை விடுவதாக அவள் பெயரில் நானே கடிதம் எழுதினேன். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை.

அவள் அழுதாள், பிறகு அழவில்லை. சாப்பாடு குறைந்தது. நான் ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவாள்.

அன்று மத்தியானம் இழுப்பு வந்தது. பம்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. ஒழுங்குபடுத்தும்போது நான்தான் அங்கே வைத்தேன். நாலடி தூரம். "அக்கா, பம்பு" என்றாள். அதற்குமேல் பேச முடியவில்லை. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஏன் எழுந்து எடுத்துக் கொடுக்கவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அவள் என்னை அவ்வளவு இறுக்கிப் பிடித்ததே இல்லை, ஐயா. பிடித்த கையை உதறிவிட்டுப் போகிற மனசு எனக்கு இல்லை.