தாடியை வழிக்க வேண்டாமாம்

— போனில முதல் முதல் என்னட்ட என்ன கேட்டனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ?

— இப்ப ஏன் அது? சாப்பிடு பிரேமி, பாசல் ஆறுது.

— சொல்லுங்கோவன். கலியாணம் பேசின நேரம். நான் துணுக்காயில, நீங்கள் இஞ்ச கிளிநொச்சியில. ‘சாப்பிட்டீங்களோ’ எண்டு கேப்பீங்களாக்கும் எண்டு பாத்தா...

— ...உங்கட அப்பாக்குத் தலைமயிர் இருக்கோ எண்டு கேட்டன்.

— ‘அப்பான்ர தலையில முகம் பாத்துப் பவுடர் போடலாம்’ எண்டன். பிறகு சிரிப்பு அடக்கேலாமல், ‘எனக்கு மொட்டைத்தலையைக் கண்டாலே சிரிப்பு வரும்’ எண்டும் சொல்லிப்போட்டன். உங்கட பக்கம் சத்தமே இல்லை.

— லைன் கட்டாயிட்டுது.

— கட்டாகேல்ல. உங்கட மூச்சுக் கேட்டது.

— எனக்கு ஏலாமக் கிடக்கு, பிரேமி. இந்த ஆஸ்பத்திரி வாங்கில இருந்து இருந்து முதுகு விறைச்சிட்டுது. உள்ளுக்கை அப்பா இழுத்துக்கொண்டு கிடக்கிறார். இனி வீட்ட கொண்டு போங்கோ எண்டிட்டினம். இந்த நேரத்திலயோ இந்தக் கதை?

— இந்த நேரத்திலதான். வீட்ட போனா ஆக்கள் வந்து நிறைஞ்சிடுவினம்... நேற்று உங்கட போனுக்கு ஒரு கோல் வந்தது. நீங்கள் மாமாவைக் கழுவிக்கொண்டு நிண்டனீங்கள். நான்தான் எடுத்தனான்.

— ஆர்?

— கொழும்பில இருந்து ஒரு பிள்ளை. வாற கிழமை வரேக்க தாடியை வழிக்க வேண்டாமாம்.

— போனைத் தா.

— நெஞ்சு மயிரையும் வழிக்க வேண்டாமாம்.

— மெல்லக் கதை! அடுத்த வாங்கில இருக்கிற மனுசன் திரும்பிப் பாக்குது.

— நான் மெல்லத்தான் கதைக்கிறன். அந்தப் பிள்ளைதான் கத்திச் சொன்னது. தாடி மாமாவுக்காக வைச்ச நேர்த்திக்கடன் எண்டல்லோ சொன்னனீங்கள்? நெஞ்சில கிடக்கிறது எந்தக் கோயிலுக்கு?

— பகிடி விடாத.

— பகிடி விடாட்டி நான் அழுவன். எது வேணும்?

— ...தலையில நடுறதுக்கு.

— என்னத்தை?

— தாடியையும் நெஞ்சு மயிரையும். ஒவ்வொண்டா வேரோட எடுத்துத் தலையில நடுவினமாம்.

— வயலில அடர்த்தியா முளைச்ச இடத்தில பிடுங்கி, ஐதான இடத்தில ஊண்டுற மாதிரியோ?

— அதேதான். வழமையாப் பிடரியில இருந்துதான் எடுக்கிறது. எனக்குப் பிடரியில இனி எடுக்க ஒண்டும் இல்லையாம். முதல் செய்தவன் எல்லாத்தையும் வெட்டி முடிச்சிட்டான்.

— முதல் செய்தவனோ?

— கலியாணத்துக்கு முதல். அப்பவே எனக்கு முன்னுக்குக் கொட்டீட்டுது. றெயினிங் எண்டு சொல்லிப்போட்டுக் கொழும்பில போய் நிண்டனே... ஒரு கடைக்கு மேல, பேர்ப்பலகையும் இல்லாத இடம். பிடரியில தோலைப் பட்டியா வெட்டியெடுத்து, முன்னுக்கு வரிசையாக் குத்திவிட்டான். வளந்த பிறகு பாத்தா, நிலம் கூட்டுற தும்புத்தடி மாதிரி. அதுதான் எந்த நேரமும் நெத்திக்கு இழுத்துவிட்டுக்கொண்டு திரியிறனான். இப்ப, கோல் எடுத்த பிள்ளை வேலை செய்யிற இடத்து டொக்டர் அந்த வரிசையைக் கிளப்பித் திருப்பி ஒழுங்கா நட்டு, பிடரித் தழும்புக்குள்ளையும் தாடிமயிரை வைச்சு மறைச்சுத் தாறன் எண்டவர்.

— நான் சிரிச்சதுக்காகவோ எல்லாம்?

— நீ சிரிச்சதுக்காக இல்லை. உன்னை வேற ஆருக்கும் குடுத்திடுவினம் எண்டு.

— விசரர்! முழு விசரர்.

— ஓம்.

— அந்தத் தழும்பை நான் எப்பவோ கண்டனான்.

— என்ன?

— கலியாணம் முடிஞ்ச புதுசில டெங்குக் காய்ச்சலில கிடந்தனீங்கள். ஈரத்துணி போட்டுவிடேக்க மயிர் ஒதுங்கினது. ஒரு காதில இருந்து மற்றக் காது வரைக்கும் ஒரு கோடு. குசினிக்குள்ள போய் நிண்டு அழுதனான்.

— பிறகேன் என்னட்டக் கேக்கேல்ல?

— எப்பிடிக் கேக்கிறது? சண்டைக்காலத்தில செல் விழுந்து பட்ட காயம் எண்டு நினைச்சன். இஞ்ச ஆரும் ஆற்றையும் தழும்பைக் கேக்கிறவையோ? நீங்களும் அந்தக் காலத்தைக் கதைக்கிறேல்ல. தலையில எண்ணெய் வைக்க வந்தாலும் கையைத் தட்டிவிடுவீங்கள். நோகுதாக்கும், நினைவு வருகுதாக்கும் எண்டு நானும் விட்டிட்டன். வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகேக்க எல்லாம் உங்கட தலைக்கு எண்டுதான் தேங்காய் உடைச்சனான்.

— ஐயோ, பிரேமி...

— சிரிக்காதேங்கோ!

— சிரிக்கேல்ல... அந்த நேரம் நான் பூவரசங்குளத்தில, மாமி வீட்டில. ஒரு கீறல் படேல்ல. அப்பாவும் தம்பி ஜெயந்தனும்தான் சண்டைக்குள்ள அம்பிட்டவை. தம்பியின்ர காலைத் தினமும் பாக்கிறாய்தானே. அவன் அந்தக் காலோட வயலுக்குப் போறான். நான் கண்ணாடிக்கு முன்னால நிண்டு நெத்தியை மறைக்கிறன்.

— அதுதான் வாய் திறக்கேல்லையோ?

— ஊர் முழுக்கத் தழும்பு. என்ரது நானே தேடிப்போய் வாங்கினது. ஆரிட்டச் சொல்ல?

— சரி. மாமாவுக்கு ஒண்டு நடந்தா என்ன செய்யப் போறீங்கள்? மூத்த மகன். மொட்டை அடிச்சு, தாடியும் வழிச்சுத்தானே கொள்ளி வைக்கவேணும். ஏரம்பண்ணை சலூனைப் பூட்டிப்போட்டு வந்து, வீட்டு முற்றத்தில கதிரையைப் போட்டு உங்களை இருத்துவார்.

— அதுக்குத்தான்... ஜெயந்தனைக் கேட்டனான்.

— என்னெண்டு?

— அவனைக் கொள்ளி வைக்கச் சொல்லி.

— என்ன கதை இது! நீங்கள் குத்துக்கல்லு மாதிரி நிக்கேக்கயோ? மாமா அந்த மயக்கத்திலயும் உங்கட கையைத்தானே பிடிச்சுக்கொண்டு கிடக்கிறார்?

— தெரியும். ஆனா நான் மொட்டையோட நிண்டா, சனம் அப்பாவைப் பாக்காது. என்ர பிடரியைத்தான் பாக்கும்.

— பாத்தா என்ன? என்னை மாதிரித்தான் அவையும் நினைப்பினம்.

— அதுதான் பயமே! பக்கத்தில ஜெயந்தன் நொண்டிக்கொண்டு நிப்பான். சனம் என்னைப் பாத்து ‘பாவம், இவனுக்கும் பட்டிருக்கு’ எண்டும். அப்பான்ர பெட்டிக்கு முன்னால நிண்டு அந்தப் பாவத்தை நான் வாங்கேலாது. உண்மையைச் சொல்லவும் ஏலாது.

— ஜெயந்தன் என்னவாம்?

— வாகனம் பிடிக்கப் போறன் எண்டு எழும்பிப் போயிட்டான்.

— நொந்திருப்பான்.

— ம்.

— ஏன் உண்மையைச் சொல்லேலாது? ஆரும் கேட்டா, ‘என்ர மனிசி சிரிச்சவள், அதால வந்த காயம்’ எண்டு சொல்லுங்கோ. நானும் பக்கத்தில நிண்டு ஓம் எண்டுவன்.

— செத்தவீட்டில சிரிப்பினம்.

— சிரிக்கட்டும். ஊரில ஒரு தழும்பாவது சிரிக்கிற தழும்பா இருக்கட்டும்.

— உனக்கு வெக்கமில்லையோ?

— எனக்கென்ன வெக்கம்? என்னைக் கட்டவேணுமெண்டு ஒருத்தர் பிடரியையே அறுத்துக்குடுத்தவர். வெளியில சொல்லிப் பெருமைப்படுற விசயம். நீங்கள்தான் ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்... என்ன, அழுறீங்களோ?

— இல்லை. நித்திரை இல்லாமக் கண் எரியுது... ஜெயந்தனுக்குக் கோல் எடு. அண்ணைதான் கொள்ளி வைக்கிறாராம் எண்டு சொல்லு.

— நீங்களே சொல்லுங்கோ. அவனுக்கு உங்கட வாயால கேட்டாத்தான் ஆறும். கொழும்புக்கு என்ன சொல்லுறது?

— இப்ப வரேல்ல எண்டு சொல்லு. வழிச்சாலும் தாடி திரும்ப வளரும்தானே.

— நெஞ்சும் எங்கயும் போகாது.

— பிரேமி...

— என்ன? மாமா கூப்பிடுறாரோ?

— இல்லை. இரு, எழும்பாத... இரவில உன்ர கையைத் தட்டிவிட்டிட்டுத் திரும்பிப் படுக்கிறனான்தானே. ஒவ்வொரு முறையும், இன்னொருக்கா நீட்டமாட்டாளோ எண்டுதான் பாத்துக்கொண்டு கிடந்தனான். கேக்க வாய் வரேல்ல. இப்ப கேக்கிறன்... அந்த மனுசன் பாத்தாலும் பரவாயில்லை, பிரேமி. பிடரியில கொஞ்ச நேரம் கையை வைச்சிரு.