துளசிங்கத்தின் கணக்கை மூடியவன்

நண்டு எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு துண்டு தின்றாலும் உடம்பெல்லாம் தடித்துவிடும். அனுப்பம்பட்டுப் பக்கம் நெல் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. ஆனாலும் பழவேற்காட்டு நண்டெல்லாம் என் பொறுப்பில்தான் கம்பெனிக்குப் போனது. விஜயராகவன், வட்டார மேலாளர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் செல்போன் செயலி வழியாக நண்டு வாங்க மட்டுமே வந்தோம். கரையிலிருந்த வியாபாரிகளைவிடக் கூடுதல் விலை கொடுத்தோம். கம்பெனியால் நஷ்டத்தைத் தாங்க முடிந்தது, அவர்களால் முடியவில்லை. அவர்கள் ஒழிந்ததும் விலையைக் குறைத்தோம். பிறகு ஐஸ் ஃபேக்டரியை வாங்கினோம். அடுத்தது டீசல். கடைசியாகப் படகுக்கு ஒரு கருவி, இலவசமாக. வழி காட்டும், புயல் வருகிறதென்றால் ஒலிக்கும். அதைப் பொருத்துகிறவர்கள் கடலிலிருந்து கரையோடு பேசும் பழைய வயர்லெஸ்ஸை எங்களிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் ஒரே கணக்கில். மக்களுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

குப்பத்து மீனவர் துளசிங்கம் யோசிக்கவில்லை. அவர் பிடித்த நண்டை மனைவி கலைவாணி மீஞ்சூருக்கு எடுத்துப்போய் நேராக விற்றாள். நல்ல விலை கிடைத்தது. தெருவில் இன்னும் சில பெண்கள் அவளோடு கிளம்பினார்கள். நானே குப்பத்துக்குப் போய் மரியாதையாகத்தான் பேசினேன்.

துளசிங்கம் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஐஸும் நீங்க, டீசலும் நீங்க, நண்டு வாங்கறதும் நீங்க. நான் புடிச்ச நண்ட நான் எங்க வித்தா உனுக்கு இன்னா சார்?"

கணக்கை மூடினேன். ஐஸ் நின்றது, டீசல் நின்றது. மூடிய கணக்குக்கும் புயல் எச்சரிக்கையை மட்டும் அனுப்ப என் திரையில் ஒரு வழி இருந்தது. அதையும் எடுத்துவிட்டேன். எச்சரிக்கை சும்மா கிடைத்தால் எல்லோரும் மீஞ்சூருக்கே போவார்கள். அவரோடு கடலுக்குப் போகக்கூடாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. தங்கள் கணக்கும் போய்விடும் என்று அவர்களாகவே புரிந்துகொண்டார்கள். அவர் பொன்னேரியிலிருந்து கேனில் டீசல் வாங்கிவந்து, தனியாகவே படகை எடுத்தார்.

அன்று மத்தியானம் எச்சரிக்கை வந்தது. மற்ற படகுகள் உடனே திரும்பின. சாயங்காலம் கலைவாணி எனக்கு போன் செய்தாள்.

"சார், காத்து ஒரு மாதிரி அடிக்குது. எல்லா போட்டும் வந்துடுச்சு, எங்க வூட்டுக்காரரு மட்டும் வரல. எங்க கீறாருனு பார்த்துச் சொல்லு சார். சொன்னா தேடறதுக்கு ஆளுங்க ரெடியா கீறாங்க."

"உங்க கணக்கு மூடியிருக்கும்மா. இங்கே எதுவும் தெரியாது."

"கணக்கு கெடக்குது சார். மனுசன் கடல்ல கீறாரு."

"செயலியில விண்ணப்பம் போடுங்கம்மா" என்றேன்.

"அதான் தொறக்கவே மாட்டேங்குதே சார்" என்றாள்.

தெரியாது என்றது பொய். கணக்கை மூடினாலும் கருவி தான் இருக்கும் இடத்தை எங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நண்டு எங்கே கிடைக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அவள் பேசும்போதே துளசிங்கத்தின் படகு என் எதிரே இருந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கிழக்கே, ஒரு பச்சைப் புள்ளி. நகரவில்லை, ஆடிக்கொண்டிருந்தது. என்ஜின் நின்றிருக்க வேண்டும். இடத்தைச் சொல்லியிருந்தால் ஆட்கள் போயிருப்பார்கள். கொண்டும் வந்திருப்பார்கள். மறுநாள் கரை முழுவதும் மீஞ்சூருக்குக் கிளம்பியிருக்கும்.

உடல் கிடைத்தபின் கலைவாணியின் பெயரில் கணக்கைத் திறந்து கொடுத்தேன். இப்போது மற்றவர்கள் பிடித்த நண்டைத் தரம் பிரித்து எங்களுக்கே போடுகிறாள். மீஞ்சூருக்கு யாரும் போவதில்லை.

என்னை இரக்கமில்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். அன்று ராத்திரி ஆபீஸில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அந்தப் புள்ளி அணைகிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. துளசிங்கத்தைக் கடைசி நேரத்தில் தனியாக விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.