குழாயைச் சுற்றிய இடைவெளி

முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா, ஏனென்றால் வீட்டில் இசைக்கூடம் வைக்கிறவர்களில் பாதிப்பேர் அங்கேதான் தவறுகிறார்கள். நானும் தவறினேன். சுவர் முழுக்க அட்டையை ஒட்டியதும் அறைக்குள் எதிரொலி குறைந்தது. வெளியேயும் குறைந்திருக்கும் என்று நம்பிவிட்டேன். இரண்டும் வேறு வேறு சங்கதி. எதிரொலி அறைக்குள்ளேயே சுற்றுவது, அட்டை அதில் கொஞ்சத்தை விழுங்கும். பக்கத்து வீட்டுக்குப் போகிற சத்தம் அட்டையைக் கண்டுகொள்வதே இல்லை.

அட்டைக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதுதான் கீழ்வீட்டு நர்ஸ் அக்காவோடு முதன்முதலில் பேசினேன். அதற்கு முன்னால் எங்களுக்குள் இருந்தது ஒட்டடைக்கம்பு மட்டும். நான் வாசிக்க ஆரம்பித்தால் அவர் தன் கூரையைத் தட்டுவார், என் தரை அதிரும், நான் நிறுத்துவேன்.

"என்ன தம்பி, கோழிப்பண்ணை வைக்கப் போறியா?"

"சத்தம் கீழ வராம இருக்கத்தான்க்கா."

"அதுக்கு ஒரு சேவலே வளர்த்திருக்கலாம். அது விடியறப்ப மட்டும்தான் கத்தும்."

அவருக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. பகலில்தான் தூங்குவார். எனக்குப் பகலில்தான் வேலை. ஏதாவது அலுவலகத்துக்கு நீங்கள் போன் செய்து, யாராவது எடுக்கும்வரை காத்திருக்கும்போது ஓர் இசை ஓடுமே, அதைச் செய்வது நான். எத்தனையோ ஆயிரம் பேர் கேட்கிறார்கள். அது எப்போது நிற்கும் என்பது ஒன்றுதான் அவர்களுக்கு வேண்டியது. இதை வருத்தத்தோடு சொல்லவில்லை, வேலை அப்படி.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு நாள் வந்து, இன்னொரு புகார் வந்தால் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். "இது குடும்பங்க இருக்கற இடம் சார்" என்றார். என் பின்னால் இருந்த வீட்டை எட்டிப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு யாரும் இல்லை. புகார் கொடுத்தது நர்ஸ் அக்கா இல்லை என்பது பிறகு தெரிந்தது. "எழுதிக் குடுக்கறதெல்லாம் எதுக்கு? என்கிட்டதான் கம்பு இருக்கே" என்றார். அப்படிப்பட்ட மனுஷி.

ஆகவே ஒழுங்காகப் படித்து ஆரம்பித்தேன். சத்தம் இரண்டு வழியில் போகும். ஒன்று காற்று வழி. காற்று புகும் இடமெல்லாம் சத்தமும் புகும். கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழையும் சந்து இருந்தால் போதும், சுவருக்குக் கொட்டிய காசெல்லாம் அதன் வழியே போய்விடும். இன்னொன்று உடல் வழி: ஸ்பீக்கர் மேசையை உலுக்கும், மேசை தரையை, தரை கீழ்வீட்டுக் கூரையை. இதற்கு மருந்து தொடர்பை அறுப்பது. தரையின்மேல் ரப்பர்த் துண்டுகளை வைத்து, அவற்றின்மேல் கனமான பலகையால் இன்னொரு தரை போட வேண்டும். சுவரைத் தொடாமல் உள்ளே இன்னொரு சுவர் எழுப்பி, நடுவில் பஞ்சு நிரப்ப வேண்டும். அறைக்குள் ஓர் அறை. உள்ளறை வெளியறையை எங்கேயும் தொடக்கூடாது. ஒரே ஓர் ஆணி தொட்டாலும் அது பாலமாகிவிடும்.

இதைத் தனி ஆளாகக் கட்டலாம். தனி ஆளாகச் சோதிக்க முடியாது. வாசிப்பவன் மேலே இருக்க வேண்டும், கேட்பவர் கீழே இருக்க வேண்டும். நர்ஸ் அக்கா அதற்கு ஒத்துக்கொண்டார். வேலையிலிருந்து வந்து தூங்கப் போகுமுன் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக நடப்பார். நான் கீபோர்டில் ஆகக் கனமான அடிநாதத்தை அழுத்துவேன்.

"கேக்குதாக்கா?"

"கேக்குது. யாரோ தூரத்துல நெல்லு குத்தற மாதிரி."

"இப்போ?"

"இப்போ உரலை நகர்த்திட்டாங்க. சமையக்கட்டுல கேக்குது."

சந்து இருக்கும் இடத்தைக் காதால் துழாவ வேண்டும் என்று சொன்னபோது தன்னுடைய பழைய ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். "எத்தனையோ பேரோட நெஞ்சைப் பார்த்தாச்சு. இனிமே உன் சுவத்துக்கு என்ன நோவுன்னு பாரு." சில நாள் மேலே வந்து, புதுத் தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார். என் வீட்டில் இரண்டாவது கோப்பை புழங்கியது அப்போதுதான்.

ஒவ்வோர் ஓட்டையாக அடைபட்டது. ஒரு காலையில் எவ்வளவு அழுத்தியும் "கேக்கலை" என்றார். மறுபடி அழுத்தினேன். "ஒண்ணுமே கேக்கலை தம்பி. கெட்டிக்காரன்தான் நீ. சரி, நான் தூங்கறேன்." போனை வைத்துவிட்டார்.

நான் கீபோர்டுக் கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதன் பிறகு நடந்ததையும் மறைக்கப் போவதில்லை. கதவின் ரப்பர் விளிம்பை ஓரிடத்தில் நானே தளர்த்தினேன். கம்பு தட்டியது. போய் மன்னிப்புக் கேட்டேன், சோதனை செய்தோம், சரி செய்தேன். சில நாள் கழித்து வேறோரிடத்தில் தளர்த்தினேன். ஓட்டையே இல்லாத நாட்களிலும் போன் செய்து கேட்குதா என்று விசாரித்தேன். அவர் போனை எடுப்பதை நிறுத்தியதும் நேரில் போய் அழைப்புமணியை அடித்தேன். கலைந்த தலையோடு கதவைத் திறந்தார்.

"வேணும்னேதான் பண்றியா நீ?"

"இல்லக்கா. ஏதாச்சும் கேக்குதான்னுதான்..."

"ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காத. சத்தம் நின்னு எவ்வளவோ நாளாச்சு. நீதான் நிக்க மாட்டேங்கற."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் நான் நின்றுவிட்டேன். படியில் எதிர்ப்பட்டாலும் சுவர்ப் பக்கம் ஒதுங்கினேன். அவரும் தன் வழியே இறங்கிப் போவார்.

இப்போது நீங்கள் கேட்கிற அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

நான் எதையும் வாசிக்கவில்லை, எல்லாம் அணைந்திருந்தது. அப்போது தட்டும் சத்தம் கேட்டது. முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு யோசித்தேன். நான் வாசிக்காதபோது அவர் ஏன் தட்ட வேண்டும்? அதோடு இது கம்பு இல்லை. கம்பு என்றால் மொத்தென்று விழும். இது உலோகத்தில் உலோகம் படுகிற சத்தம், சன்னமாக, சீராக. மூன்று நான்கு தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று நான்கு. அப்படியென்றால் புகார் இல்லை என்பது எனக்கு அப்போதே புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் புரிந்தது. முழுக்க அடைத்துவிட்டதாக நான் நினைத்திருந்த அறைக்குள் சத்தம் வருகிறது. கீழிருந்து மேலே வருகிற வழியில் மேலிருந்து கீழேயும் போகும். எங்கேயோ ஒரு பாலத்தைத் தவற விட்டிருக்கிறேன். அதைக் கண்டுபிடிக்க மறுபக்கத்தில் ஒருவர் விடாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தனியாக இருப்பவனுக்கு அந்த வசதி எப்போதும் வாய்க்காது.

ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தேன். அலமாரியை நெருங்க நெருங்கச் சத்தம் தெளிந்தது. அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். பின்னால் தண்ணீர்க் குழாய். கீழ்வீட்டுக் குளியலறையிலிருந்து என் தரையைத் துளைத்து வருகிறது, துளை குழாயைவிடப் பெரியது. சுற்றிலும் வெறும் சந்து. போதாததற்குக் குழாயைப் பிடிக்கும் வளையம் என் உள்சுவரில் முறுக்கப்பட்டிருந்தது. காற்று வழி, உடல் வழி, இரண்டும் ஒரே இடத்தில். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வளையத்தைக் கழற்றி, இடையில் ரப்பர் வைத்து மாட்டினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. பிறகு சந்தில் பஞ்சைத் திணிக்கத் தொடங்கினேன். கொஞ்சம் திணிப்பேன், ஒரு தட்டுக்குக் காத்திருப்பேன், எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பேன். போகப்போகத் தட்டுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. எனக்குப் பொறுமை போயிற்று. ஸ்பேனரை எடுத்துக் குழாயில் நானே இரண்டு தட்டு தட்டினேன்.

கீழிருந்து உடனே பதில் வந்தது. வேகமாக, பலமாக, எண்ண முடியாத அளவுக்கு. யாரோ வருகிறார்கள் என்று நினைத்திருப்பார். ஸ்டெதாஸ்கோப்பைக் குழாயில் வைத்தபோது குரலும் வந்தது. "தம்பி" என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி "தம்பி" என்றது. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நான் அப்படியே குந்தி உட்கார்ந்து கேட்டேன். போகலாமா என்று ஒரு கணம் எழுந்தேன். நான் போய் நின்றதும் என்னைப் பார்த்து என்ன சொல்வார் என்று நினைத்தேன், மறுபடி உட்கார்ந்து பஞ்சை எடுத்தேன். பஞ்சு முடிந்ததும் ஓரங்களில் காயாத வகைப் பூச்சைப் பூசினேன். அது இறுகிப்போகாது, அதனால் குழாய் சுருங்கி விரிந்தாலும் விடாமல் கவ்விக்கொள்ளும். அந்த இடத்துக்கு அதுதான் சரியான பொருள்.

மறுநாள் அவருடைய தங்கை சாவி போட்டுத் திறந்து, குளியலறைக் கதவை உடைத்தபோதுதான் அவர் இறந்து கிடப்பது தெரிந்ததாகச் சொன்னீர்கள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது, கையில் ஒரு சின்னப் பித்தளைச் சொம்பு இருந்தது, உடனே தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்றீர்கள். இருக்கலாம். அவர் எத்தனையோ பேரைத் தூக்கிவிட்டவர்.

தங்கை படியில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதது.

"நேர் மேல இருக்கீங்களேண்ணே. உங்களுக்கு எதுவுமே கேக்கலையா? அக்கா எதுவுமே கேக்கலையா?"

இரண்டுக்கும் சேர்த்து "கேக்கலைம்மா" என்றேன். பொய் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் கேட்டபோது என் வீட்டில் எதுவும் கேட்கவில்லை. அக்காவும் எதுவும் கேட்கவில்லை. வா என்றோ, காப்பாற்று என்றோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூப்பிட்டார், அவ்வளவுதான். கேட்டிருந்தால் ஒருவேளை போயிருப்பேன். குழாயைச் சுற்றியிருந்த பூச்சு புதிது என்று நீங்கள் பார்த்த பிறகு இதையெல்லாம் வளர்ப்பதில் பொருளில்லை. விழுந்து கிடக்கிறார் என்று தெரிந்தேதான் அடைத்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஓர் உதவி மட்டும் வேண்டும், ஐயா. பூச்சு முடிந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது எதுவும் வரவில்லை. அடைப்பு வேலை செய்ததா, அவர் ஓய்ந்துவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கீழே ஒரு காவலரை அனுப்பி, அந்தச் சொம்பால் குழாயைத் தட்டச் சொல்லுங்கள். நான் மேலே நின்று கேட்கிறேன். சத்தம் வந்தால், என் அடைப்பு பலிக்கவில்லை, அவர் அப்போதே ஓய்ந்துவிட்டார் என்று அர்த்தம். வராவிட்டால், அவர் அதற்குப் பிறகும் சாயங்காலம்வரை, ஏன், இரவுவரைகூடத் தட்டியிருக்கலாம். வரக்கூடாது என்பதுதான் என் ஆசை. நான் எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிறவன் இல்லை.