கிழக்கு வேலிச் சைரன்

டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை சார், குடிக்கலாம். தமிழிலேயே சொல்லு, நமக்கு மனசிலாகும் என்றீர்கள். ஆனைகட்டிக்கு இந்தப் பக்கம், கேரளா ஸ்டேஷனில் வேலை பார்க்கிறவருக்குத் தமிழ் வராமல் எப்படி? நிதானமாகவே சொல்கிறேன். எழுதுகிறவர் கை வலிக்காமல் எழுதட்டும்.

முதலில் அன்சாரை விட்டுவிடுங்கள். அவன் நல்லவன் என்பதற்காகச் சொல்லவில்லை. கிழக்கு வேலிச் சைரனை அடிக்கவிடாமல் செய்து நாச்சம்மாள் அக்காவை யானையிடம் சாகக் கொடுத்தது அன்சார் என்று நீங்கள் எழுதினால், அந்த வேலை அவனுக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அதை என்னால் சகிக்க முடியாது. ‘நான்தான் எதையாவது ஆஃப் பண்ணித் தொலைத்திருப்பேன்’ என்று அவனே அழுது ஒப்புக்கொண்டானாமே. எதை ஆஃப் பண்ணினான் என்று கேட்டீர்களா? சொல்லத் தெரிந்திருக்காது. செய்தது நான், பூபதிராஜா.

எங்கள் விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு நானும் அவனும்தான். காட்டோரத்தில் கேமராக்கள் இருக்கின்றன. யானை தெரிந்தால் சங்கத்து சர்வர் அந்தப் பக்கத்துச் சைரனை அடிக்கும், எல்லாரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள். முன்பெல்லாம் ஆள் மாற்றி ஆள் பரணில் உட்கார்ந்து பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த சனம்தான். சைரன் வந்ததும் பரணைப் பிரித்து விறகாக்கிவிட்டார்கள். அடித்தால் யானை, அடிக்காவிட்டால் யானை இல்லை. மூளைக்கு அதற்குமேல் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சர்வருக்குச் சைரனின் பெயர்தான் தெரியும், இருக்குமிடம் தெரியாது. கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர். ஒவ்வொரு முறையும் சைரன் பெட்டியின் முகவரி மாறும். அதனால் சர்வருக்குள் ஒரு சின்ன நிரல் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். நேம் சர்வீஸ் என்போம். ‘கிழக்கு வேலி இப்போது எங்கே இருக்கிறது’ என்று வெளியே போய்க் கேட்டு வந்து சொல்வது அதன் வேலை. ஒருமுறை கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அதே சர்வருக்குள் ஒரு காவலும் உண்டு. எந்த நிரல் எதைத் தொடலாம், எங்கே போகலாம் என்று வரிவரியாக நாம் எழுதித் தர வேண்டும். எழுதாதது எதற்கும் அனுமதி இல்லை. முதலாளியே வந்து கத்தினாலும் இல்லை. பாலிசி என்பது அதுதான். அதை ஒழுங்காக எழுதப் பொறுமை வேண்டும். அன்சாருக்கும் பொறுமைக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. எங்காவது சிக்கினால் ஒரே ஒரு கட்டளை தட்டுவான். காவல் முணுமுணுக்கும், ஆனால் எதையும் தடுக்காது. வேலை நடந்துவிடும், சனம் வாயைப் பிளக்கும்.

தலைவர் ரத்தினசாமி, நாச்சம்மாள் அக்காவின் கணவர், பொதுக்குழுவில் எல்லார் முன்னாலும் சொன்னார். “ஏனுங்க பூபதி, அன்சாரு வந்தான்னா அஞ்சு நிமிசத்துல முடிச்சுப்போட்டுப் போயிர்றான். நீங்க என்னமோ கோட்டை கட்டறாப்பல ஒரு வாரமா கட்டீட்டிருக்கறீங்க.” கூட்டம் சிரித்தது. காப்பி கொடுத்துக்கொண்டிருந்த அக்காவும் சிரித்தார். அவனுக்கு ஒரு கை முறுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒன்று வைத்தார். நான் அதைத் தின்றேன்.

சித்திரையில் வெளியாள் எவனோ சர்வருக்குள் புகுந்து, பட்டப்பகலில் எல்லாச் சைரனையும் அலறவிட்டான். அன்சார் தூங்கவைத்திருந்த காவல் முணுமுணுத்ததோடு சரி. ரத்தினசாமி வீட்டுக்கே வந்துவிட்டார். “நீங்களே பாத்துப் பூட்டிருங்க” என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. வந்திருந்தால் இந்த டீ உங்களுக்கு மிச்சம்.

பூட்டினேன். இவ்வளவு சுத்தமான பாலிசி இந்த மலையில் எவனும் எழுதியிருக்க மாட்டான். நேம் சர்வீஸ் தன் ஞாபகத்தைப் புரட்டலாம், கேட்டவருக்குப் பதில் சொல்லலாம் என்று எழுதினேன். வெளியே போய்க் கேட்கலாம் என்ற ஒரு வரியை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் உங்களிடம் சொல்வதாக இருந்தேன். மறக்கிற ஆளா நான்? பிறகு, காவலை என்னைத் தவிர யாரும் தளர்த்த முடியாதபடி அதையும் சேர்த்துப் பூட்டினேன்.

சோதனை நாளன்று சைரன் அருமையாக அடித்தது. பழைய பதில் ஞாபகத்தில் இருந்தது, அவ்வளவுதான். ரத்தினசாமி கைதட்டினார். “அடிபொளி அண்ணா, எனக்கும் இதொக்கெ பழக்கித் தரணும்” என்றான் அன்சார். அவனிடம் பொறாமைகூடக் கிடையாது பாருங்கள். எரிச்சலாக வந்தது. அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் நினைத்தது சின்ன விஷயம். ஒரு நாள் சைரன் அடிக்காது. யாரோ ஒருத்தர் வாழை போகும். ஊர் அன்சாரை இழுத்துவரும். அவன் வழக்கமான கட்டளையைத் தட்டுவான். முடியாது என்று மெஷின் சொல்லும். அத்தனை பேர் நடுவில் அவனுக்கு வேர்க்க வேண்டும். அதன்பின் என்னிடம் வரட்டும். வாழைதான் என் கணக்கு சார். நான் கொலைகாரன் இல்லை.

சோதனைக்கு மறுநாள் ஆடிக் காற்றில் மத்தியானமே கரண்ட் போய், சாயங்காலம்தான் வந்தது. பெட்டியின் முகவரி மாறிவிட்டது, ஞாபகமும் தீர்ந்துவிட்டது. பொழுது சாயும்போது கிழக்குக் கேமராவில் ஒற்றைக் கொம்பன் தெரிந்தது. சர்வர் சைரனைத் தேடியது. நேம் சர்வீஸ் கேட்கப் போனது, காவல் மறித்தது, பதிவில் ஒரு வரி விழுந்தது. மறுபடி போனது, மறுபடி ஒரு வரி. யார், எங்கே போகப் பார்த்தார், ஏன் அனுமதி இல்லை, எல்லாம் அந்த வரியில் இருக்கும். நான் எழுதியது அப்படியே நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

ஒரே குறை, அன்சார் ஊரில் இல்லை. தங்கை ஷமீனாவின் நிச்சயத்துக்குப் பாலக்காடு போயிருந்தான். விடுபட்ட வரியைச் சேர்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். சேர்த்தால் நடந்ததே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். நாளைக்கு அவன் வந்துவிடுவான், ஒரு தோட்டம்தானே, போகட்டும் என்று கேமராத் திரை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அக்கா கூப்பிட்டார். போன் கணக்கில் அதைப் பார்த்திருப்பீர்கள். நான் எச்சரித்தும் அவர் கேட்காமல் போய்விட்டார் என்று ஊரே பேசிக்கொள்கிறது. அக்காவை அடக்கத்துக்கு எடுத்த அன்று ரத்தினசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களாச்சும் சொன்னீங்களேப்பா” என்று தேம்பினார். கையை நான் உருவிக்கொள்ளவில்லை.

“தம்பி, நாயி ஒரு மாதிரி குலைக்குதுங்க. மோட்டாரை நிறுத்தப் போகோணும். யானை கீனை வந்திருக்குமுங்களா?” என்றார்.

திரையில் அது அவர்கள் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நின்று சோளத்தட்டை பிடுங்கிக்கொண்டிருந்தது.

“சைரன் அடிச்சுதுங்களாக்கா?” என்று கேட்டேன்.

“இல்லீங்களே.”

“அப்பறம் என்னங்க.”

“அதானே” என்று சிரித்தார். “நீங்க பூட்டுன பொறகு எங்களுக்கென்ன பயமுங்க.”

டார்ச் வெளிச்சம் வரப்பில் இறங்கி வருவது திரையில் தெரிந்தது. அப்போதும் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கூப்பிட்டிருந்தால் என் சைரன் வேலை செய்யவில்லை என்று நானே ஒத்துக்கொண்டதாகியிருக்கும். வெளிச்சம் கீழே விழுந்து, அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. நான் கேமராவை மாற்றவில்லை.

எழுதியாயிற்றா? வாசித்துக் காட்ட வேண்டாம், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் சார். நான் அக்காவிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.