கொசுமெலில் வாங்கிய தொட்டில்

பைக்கை வாசல்ல நிறுத்தி, அது மேலேயே உக்காந்து பிரசங்கம் கேக்குற மகாராசாக்களே... உங்களுக்குத்தான் இந்தச் சின்னக் கதை. கொஞ்சம் உள்ள வாங்க. போனைப் பாக்கெட்ல போடுங்க. போட்டாச்சா? சரி.

நம்ம கடற்கரைக்காரன் ஒருத்தன். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். பேரு மட்டும் ஜெரோன் அப்படின்னு வச்சுக்குவோம். பெரிய சுற்றுலாக் கப்பல்ல ரூம் சுத்தம் பண்ற வேலை. கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்ல. ஏழு வருஷம்... ஊரு வாயி என்னென்ன பேசியிருக்கும்னு உங்களுக்கே தெரியும், பேசினதே நீங்கதானே. அப்புறம் அவன் சம்சாரம் பிரகாசி உண்டானா. ரெண்டாம் மாசத்துல அவளை விட்டுட்டு இவன் கப்பல் ஏறிட்டான்.

நாலு மாசம் கப்பலோட அடித்தட்டுல இருந்தான். ஜன்னல் கிடையாது. கப்பல் எத்தனையோ துறைமுகத்துல நின்னுச்சு, பயணிகள் எல்லாம் இறங்கி ஊர் சுத்தினாங்க. இவனுக்கு லீவு கிடைக்கல. கடைசியா ஒரு நாள் மெக்சிகோ தேசத்துல, கொசுமெல்னு ஒரு தீவுல, மேலதிகாரி சொன்னாரு... 'மூணு மணி நேரம் போயிட்டு வா.'

அங்க காலை எட்டு மணி. இங்க சாயங்காலம் ஆறரை. இறங்கினதும் ஒரு சிம் கார்டு வாங்கினான். பிரகாசிக்கு வீடியோ கால் போட்டான். போட்டவன் என்ன செஞ்சான் தெரியுமா? கேமராவை அந்தப் பக்கம் திருப்பிட்டான். அவளுக்கு ஊரைக் காட்டுறாராம்.

"ஏ பிரகாசி, பாரு... கடலு பச்சையா கிடக்கு பாரு."

"ஏங்க, ஒரு நிமிஷம்..."

"இரு இரு, கோயிலு வருது. நம்ம கோயிலு மாதிரியே மஞ்ச பெயிண்ட்டு அடிச்சிருக்கான்."

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்..."

"சொல்லலாம்ட்டி, மூணு மணி நேரம் இருக்குல்ல."

நடக்கிறான். கடற்கரை ரோடு, மணிக்கூண்டு, சந்து, சந்துல தூங்குற நாய்... எல்லாத்தையும் காட்டுறான். அந்த வெயில்ல போன்ல அவ முகம் சரியாத் தெரியல. நிழல்ல நின்னு பாத்திருக்கலாம். நிக்கல. நாலு மாசம் கழிச்சு மண்ணை மிதிச்ச சந்தோஷம் அவனுக்கு.

ஒரு கடையில நிக்கிறான். அந்தப் பக்கத்து ஜனங்க நிறைய பேரு வலை கட்டி அதுலதான் தூங்குவாங்களாம். நம்ம வலை மாதிரியே முடிச்சு. அதுல சின்னதா ஒண்ணு, கைக்குழந்தைக்கு.

"ஏ புள்ள, தொட்டில் பாரு. வாங்கவா?"

அவ மெதுவா சொல்றா...

"இப்ப வாங்காதீங்க."

இவன் சிரிக்கிறான். நம்ம ஊர்ல பிள்ளை பொறக்குறதுக்கு முன்னாடி தொட்டில் வாங்க மாட்டாங்க இல்லையா? அவ அதைத்தான் சொல்றான்னு இவன் நினைச்சுட்டான்.

"படிச்ச பொம்பளைதானே நீ? உங்க அம்மா சொல்லிக் கொடுத்தாங்களா? ஒண்ணும் ஆகாது." வாங்கிட்டான். வாங்கி, ரெண்டு முனையையும் கடைக்காரனைப் பிடிக்கச் சொல்லி, அவளுக்கு ஆட்டிக் காட்டுறான். "நம்ம வீட்டு உத்தரத்துல கொக்கி இருக்குல்ல?"

"இருக்குங்க."

"நல்லாயிருக்கா?"

"நல்லாயிருக்குங்க... நான் வைக்கட்டுமா?"

போனை வச்சுட்டா.

லீவு முடிஞ்சு கப்பலுக்கு ஏற வரிசையில நிக்கிறான். கையில தொட்டில். மச்சினன் அனுப்பின மெசேஜ் வருது. 'அத்தான், அக்கா எல்லாம் சொல்லியிருப்பா. காலையிலயே டாக்டர் பாத்துட்டாங்க, பிள்ளைக்குத் துடிப்பு நின்னுபோச்சு. இப்பத்தான் பிரசவ ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. நான் வெளிய நிக்கேன்.'

அவ ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்துதாய்யா பேசியிருக்கா. வயித்துல செத்த பிள்ளையோட. கையில ஊசி, பின்னால வெள்ளைச் சுவரு. அவ்வளவும் அந்தப் போன்லதான் இருந்துச்சு... இவன் பாக்கல. திருப்பிக் கூப்பிடுறான். யாரு எடுப்பா? பின்னால நிக்கிறவன் தள்ளுறான். ஏறிட்டான். கப்பல் கிளம்பிருச்சு, சிக்னல் போயிருச்சு. அன்னைக்குப் பதினாலு ரூம்ல படுக்கை விரிச்சான். அடுத்த கரை வர ரெண்டு நாள் ஆச்சு. அந்த ரெண்டு நாளும் அவ பிழைச்சாளா இல்லையான்னே அவனுக்குத் தெரியாது.

பிழைச்சுட்டா. இவன் ஊருக்கு வந்து அவ காலடியில உக்காந்து கேட்டிருக்கான்... "ஏன்ட்டி என்கிட்ட சொல்லல?"

அவ சொன்னாளாம்... "மூணு தடவை வாயைத் திறந்தேன். நீங்க நாலு மாசத்துல அன்னைக்குத்தான் சிரிச்சீங்க. எப்படிங்க சொல்ல?"

இதை ஜெரோன் என் அறையில வந்து சொல்லி அழுதான். நான் என்ன செஞ்சேன்னும் சொல்லிடுறேன், ஒளிக்க மாட்டேன். அவன் பாதி சொல்றதுக்குள்ள நான் ஆரம்பிச்சுட்டேன்... "ஆண்டவர் பாத்துக்குவாரு தம்பி, இன்னொரு பிள்ளை தருவாரு." அவன் நிமிர்ந்து பாத்தான். "சாமி, நான் இன்னும் முடிக்கல"ன்னான். அந்த ஒரு வார்த்தை இன்னைக்கும் எனக்கு வலிக்குது.

கப்பல்காரன் மட்டுமா இப்படி? ஒரே வீட்டுல, ஒரே தட்டுல சாப்பிடுற நீங்க? வந்ததும் உங்க ஆபீஸு, உங்க வல்லம், வலை, உங்க சண்டை... எல்லாத்தையும் காட்டுறீங்க. எதிர்ல நிக்கிறவ முகத்தைப் பாத்தீங்களா? நல்ல மனசுக்காரன்தாய்யா அவன். அன்பு இல்லாமலா தொட்டில் வாங்கினான்? அன்பு இருந்துச்சு. காது இல்ல.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. 'என்னமோ சொல்ல வந்தியே, என்ன?'ன்னு கேளுங்க. கேட்டுட்டு... வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும். நானும் இப்ப அதைத்தான் பழகிக்கிட்டு இருக்கேன்.