மணி அடித்த இடத்திலிருந்து

மேடையில் அமர்ந்திருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, கண்டக்டரம்மாவின் அன்பு மகளே, உட்கார இடமில்லாமல் வாசல்வரை நிற்கும் எங்கள் குடியிருப்பு மக்களே, வணக்கம். இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் ஒரு வணக்கம் சொன்னால் மாலை போட்ட இந்தப் படத்துக்குள்ளிருந்தே கண்டக்டரம்மா என்னைத் திட்டுவார். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவன். குடியிருப்போர் சங்கத்தில் துணைத்தலைவன். தலைவராக இருந்தவர் இவர். ஆயுள் முழுக்கப் பேருந்தில் நடத்துநராக நின்றவர். ஓய்வு பெற்றும் அந்தக் குரல் ஓயவில்லை. நகராட்சிக் கூட்டத்துக்கு எங்களை அழைத்துப் போவார். பார்வையாளர் பகுதியில் நாங்கள் கதவோரமாகப் பம்மினால், "உள்ள நகருங்க, முன்னாடி இடம் இருக்கு" என்பார். உறுப்பினர்கள்கூடச் சில சமயம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த மன்றத்தில் ஒரு விதி உண்டு. பொதுமக்கள் பேசலாம், ஆனால் கொஞ்ச நேரம்தான். நகராட்சித் தலைவர் மேசை மணியை அடித்தால் ஒலிபெருக்கி அணைந்துவிடும். குழந்தைகள் காப்பகத்துக்கு நிதி கேட்டுக் கண்டக்டரம்மா முதன்முதலாகப் பேசியபோது பாதி வாக்கியத்தில் மணி அடித்தது. வேறு யாராக இருந்தாலும் முகம் வாடி உட்கார்ந்திருப்பார்கள். அம்மா பக்கத்தில் இருந்த என் மனைவியைப் பார்த்து "ரைட்" என்றார். அவ்வளவுதான். என் மனைவி எழுந்து, அதே வாக்கியத்தின் அடுத்த சொல்லிலிருந்து பேச ஆரம்பித்தாள். அவளுக்கு மணி அடித்ததும் இன்னொருவர் எழுந்தார். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம் என்று விதியில் இருக்கிறது. ஒவ்வொருவரும் புதிதாக ஆரம்பிக்க வேண்டும் என்று எங்கே இருக்கிறது?

இடையில் ஒரு கூத்தும் நடந்தது. நம் சலூன் தம்பி முறை வந்தது. பதற்றத்தில் எல்லாம் மறந்துபோய், தலைவருக்கு வணக்கம், ஆணையருக்கு வணக்கம், ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனி வணக்கம் என்று ஆரம்பித்தார். கடைசி வணக்கத்தில் மணி அடித்துவிட்டது. வெளியே வந்ததும் அம்மா, "தம்பி, இனிமே வணக்கத்தையெல்லாம் வீட்லயே சொல்லிட்டு வந்துரு" என்றார். சிரிக்காதே தம்பி, அன்றுமுதல் அதுதான் சங்கத்தின் சட்டம்.

"ஒரே பேச்சை ஏன் இத்தனை பேர் பேசுறீங்க?" என்று தலைவர் அவர்களே, நீங்களே ஒருமுறை எரிச்சலாகக் கேட்டீர்கள். அம்மா சொன்ன பதில் நினைவிருக்கிறதா? "எல்லாரும் ஒரே பஸ்ஸுலதாங்க வர்றோம். இறங்கற இடமும் ஒண்ணுதான்." காப்பகம் வந்தது. மருத்துவ நிலையத்துக்குச் செவிலியர் வந்தார். யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. எங்கள் பேச்சு முடியாது என்று தெரிந்ததால் கொடுத்தார்கள்.

இப்போது இந்தப் பள்ளிக்கூடம். நாம் கூடியிருக்கும் இதே அறை. நிதி இல்லை, மேல்வகுப்புகளை மூடுகிறோம், மாலை நேரப் படிப்பகத்தையும் பூட்டுகிறோம் என்று தீர்மானம் வந்திருக்கிறது. மூடினால் நம் பிள்ளைகள் நெடுஞ்சாலையைக் கடந்து அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டோடு நின்றுவிடுவார்கள். எதுவும் நடக்காததுபோல அந்தத் தீர்மானம் அடுத்த வாரம் வாக்கெடுப்புக்கு வருகிறது.

போன கூட்டத்தில் அம்மாதான் கடைசியாகப் பேசினார். மூச்சு வாங்கியது. என் கடை மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டவர், ஓய்வெடுங்கள் என்று நான் சொன்னதை மட்டும் கேட்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. எல்லாக் காரணங்களையும் சொல்லி முடித்தார். "ஆகவே" என்றார். மணி அடித்தது. எங்களில் பேச ஆள் மிச்சமில்லை. எல்லோருடைய முறையும் முடிந்திருந்தது. "மீதி அடுத்த கூட்டத்துல" என்று சொல்லிவிட்டு வந்தவர், மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். திரும்பவில்லை.

அவருடைய மகள் முந்தாநாள் என்னிடம் ஒன்று சொன்னார். படுக்கையில் இருந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறார்: "ஆகவேன்னு நிறுத்துனியேம்மா, அப்புறம் என்ன சொல்ல இருந்த?" அம்மா சிரித்தாராம். "அதை நான் ஏன் சொல்லணும்? அடுத்து எந்திரிக்கிறவங்க சொல்லுவாங்க."

எப்படிப்பட்ட நம்பிக்கை! அதைத் தாங்குகிற தகுதி நமக்கு இருக்கிறதா என்று இரண்டு இரவாக யோசிக்கிறேன். அழுகையாக வருகிறது. அழுதுகொண்டே சொல்கிறேன், இருக்கிறது.

தலைவர் அவர்களே, படிப்பகத்துக்கு அம்மாவின் பெயர் வைப்பதாகச் சற்றுமுன் அறிவித்தீர்கள். நன்றி. ஆனால் யாரை ஏமாற்றப் பார்க்கிறீர்கள்? பூட்டப்போகிற அறைக்கு எதற்குப் பெயர்? கதவு திறந்திருக்கட்டும், பெயரை நாங்கள் எழுதிக்கொள்கிறோம். நிகழ்ச்சி நிரலில் மௌன அஞ்சலி என்றும் போட்டிருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும், எங்கள் சங்கம் அதில் சேராது. அவரை மௌனமாக்க உங்கள் மணியாலேயே முடியவில்லை. அந்த வேலையை நாங்கள் செய்துதர மாட்டோம்.

அடுத்த வாரம் மன்றத்துக்கு வருகிறோம். சலூன் தம்பி வருகிறார், என் மனைவி வருகிறாள், இதுவரை மேடைப்பக்கமே வராத அம்மாவின் மகள் வருகிறார். வாசலில் நிற்கிறவர்களே, நீங்களும் வருகிறீர்கள். யாரும் வணக்கம் சொல்ல மாட்டோம். முன்னுரை கிடையாது. காரணங்களையெல்லாம் அம்மா சொல்லிவிட்டார். எங்கள் முதல் பேச்சாளரின் முதல் சொல், அவர் விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்.

என் நேரமும் முடிந்தது. அம்மாவின் மகள் எழுந்து நிற்பது தெரிகிறது. வாம்மா, மைக்கைப் பிடி. உன் தாயார் "ஆகவே" என்ற இடத்தில் நிற்கிறார்.

ரைட்.