துக்க மணி பதிந்த கேசட்

மத்தியானம் மூன்றரை மணி. ஜெயங்கொண்டத்திலிருந்து வரதராஜன்பேட்டைக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. வெயிலுக்குப் பயந்து ஒரு காக்கை கூடக் கத்தவில்லை... அந்தச் சாலையில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி தனியாக வந்துகொண்டிருந்தது.

பேய்க் கதையை எவனாவது மத்தியானத்தில் ஆரம்பிப்பானா என்று சிரிக்காதீர்கள். இருட்டில் வருவதற்காவது விளக்கை ஏற்றிக்கொள்ளலாம். பட்டப்பகலில் வருவதை என்ன செய்வீர்கள்? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் கிறிஸ்டியின் தாய்மாமன் சவரிராஜுக்கு நடந்தது. அவர் ஒரே ஒரு தடவைதான் இதைச் சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்ததும் எழுந்து வெளியே போனவர், அன்றைக்குச் சாப்பிடவே வரவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, அதனால் அவன் என்றே சொல்கிறேன். சவரிராஜ் கிடார் வாசித்துப் பாடுவான். ஜெயங்கொண்டத்துப் பாலாஜி பேஸ் கிடார். டிரம்ஸ் அடிப்பவன் லியோ பிரபு, சவரிராஜின் பக்கத்து வீட்டுக்காரன், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. மூன்று பேரும் சேர்ந்து 'செம்புழுதி' என்று ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு. முந்திரிக்கொட்டை மூட்டை அடுக்குகிற ஷெட்டில்தான் பயிற்சி. ஊரில் அவர்களுக்கு வைத்த பெயர் வேறு. அலறல் கோஷ்டி.

அலறட்டும். ஆனால் அந்த மூன்று பேருக்கும் இருந்த ஆசை சின்ன ஆசை இல்லை. அக்டோபரில் திருச்சியில் ஒரு போட்டி. அதில் ஜெயித்தால் சென்னையில் பெரிய மேடை. அதை நினைத்தே விடிந்தது, அதை நினைத்தே இருட்டியது.

போட்டிக்கு அவர்கள் எடுத்த பாட்டு, ஊரை விட்டுப் போகிறவன் ஒருவனைப் பற்றியது. அது மணிச் சத்தத்தில் தொடங்க வேண்டும் என்றான் லியோ. எந்த மணி? அவர்கள் ஊர் மாதா கோயிலின் துக்க மணி.

அந்த ஊரில் யாராவது இறந்தால் கோயில் மணியை வேறு விதமாக அடிப்பார்கள். ஒரு அடி... அதன் ரீங்காரம் முழுக்க அடங்கிய பிறகு அடுத்த அடி. சத்தம் கேட்டதும் எங்கே இருந்தாலும் சிலுவை போட்டுக்கொண்டு, கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கோயில் வாசலுக்கு வந்துவிட வேண்டும். யார் என்று அங்கேதான் கேட்க வேண்டும். தனியாக ஆள் விட்டுச் சொல்கிற வழக்கம் அங்கே கிடையாது. மணியே ஆள்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள், மணியடிக்கிற பிச்சைமுத்து ஒரு கல்யாணத்துக்காக ஏலாக்குறிச்சி போயிருந்தார். இவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. லியோ கயிற்றைப் பிடித்தான். சவரிராஜ் கீழே டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். யாரும் சாகாத ஊரில் துக்க மணி அடித்தது.

ஊரே ஓடி வந்தது. முதலில் வந்தது லியோவின் அம்மா லீலா மேரி. முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்துவிட்டாள். தலையில் சருகு, சேலையெல்லாம் முந்திரிப் பழத்தின் புளித்த வாசனை. புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது அந்த ஒரே பிள்ளை. மூச்சு வாங்க அவள் கேட்டதும் டேப்பில் பதிந்துவிட்டது.

"யாருடா போனது?"

லியோ சிரித்துக்கொண்டே சொன்னான். "யாருமில்லம்மா. சும்மா."

அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோயில் சாமியார் கூப்பிட்டுத் திட்டினார். ஒரு வாரத்தில் ஊர் அதை மறந்துவிட்டது. லியோ மட்டும் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தான், "சத்தம் கொஞ்சம் இரையுதும்மா... இன்னொரு தடவ அடிச்சுப் பதியணும்."

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம். இப்போது அந்த மூன்றரை மணிக்கு வருவோம். டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்தவன் லியோ. டிரம்முக்குப் புதுத் தோல் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான். எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று... அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். சாலையோரம் கிடந்த டிரம் தோலில் ஒரு கீறல் கூட இல்லை.

தகவல் வந்ததும் பிச்சைமுத்து கயிற்றைப் பிடித்தார். ஒரு அடி... அடுத்த அடி... ஊர் கூடிவிட்டது. லீலா மேரி மட்டும் வரவில்லை. காட்டிலிருந்து வருகிறவளுக்கு நேரமாகும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். லியோவைக் கொண்டு வந்து வீட்டு வாசலில் கிடத்தினார்கள். அவள் வரவில்லை. பொழுது சாய ஆரம்பித்தது. அப்போதுதான் சவரிராஜுக்குச் சுருக்கென்றது. எழுந்து காட்டுக்கு ஓடினான்.

அவள் ஒரு மரத்தடியில் குனிந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். சருகுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். இவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"மணி அடிச்சீங்களே, கேட்டுச்சு. இந்தத் தடவயாவது நல்லா பதிஞ்சுச்சாடா?"

சவரிராஜ் அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு நடந்தான்.

அடக்கம் முடிந்தது. கிடாரைத் தொடுவதில்லை என்று சவரிராஜ் மூலையில் போட்டான். லீலா மேரியே வந்து அதை எடுத்து அவன் மடியில் வைத்தாள். "போயிட்டு வாங்கப்பா. எம்புள்ள ஆசப்பட்ட மேடை. அவன் இல்லாட்டி என்ன, அவன் அடிச்ச மணி இருக்குல்ல."

அக்டோபரில் போனார்கள். வேறு டிரம்ஸ்காரன் வேண்டாம் என்றுவிட்டார்கள். லியோவின் டிரம்ஸை மேடையில் வைத்து, அந்தப் புதுத் தோலையும் மாட்டி, ஆள் இல்லாத ஸ்டூலையும் போட்டார்கள். முதலில் டேப். கடைசி அடி முடிந்ததும் சவரிராஜ் அதை நிறுத்திவிட்டுப் பாட்டைத் தொடங்க வேண்டும். பயிற்சியில் எப்போதும் அப்படித்தான் செய்வார்கள்.

விளக்குகள் அணைந்தன. பெரிய பெரிய ஸ்பீக்கர்களில் அவர்கள் ஊர்க் கோயில் மணி... தரை அதிர்ந்து உள்ளங்காலில் ஏறியது. கடைசி அடியும் முடிந்தது. சவரிராஜின் விரல் பொத்தான் மேல் இருந்தது. ஆனால் அவன் அழுத்தவில்லை. மேடைக்கு ஏங்கிச் செத்தவன், அவன் குரலாவது ஒரு தடவை இதில் கேட்கட்டுமே என்று நினைத்தான்.

சருகு மிதிபடும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். லீலா மேரியின் குரல்.

"யாருடா போனது?"

அடுத்து அந்தச் சிரிப்பு வர வேண்டும்... வரவில்லை. டேப் ஓடுகிற இரைச்சல் மட்டும். பிறகு, வாய்க்குள் மண் போன ஒருத்தன் பேசுகிற மாதிரி, அலுத்துப்போய், ஒரு குரல்.

"நான்தாம்மா."

அந்த மண்டபத்தில் முந்திரிப் பழம் புளித்த வாசனை அடித்தது. கோடையோடு முடிகிற பழம், அக்டோபர் மாதத்தில். திருச்சியில்.

சவரிராஜ் பாலாஜியைத் திரும்பிப் பார்த்தான். பாலாஜி பேஸ் கிடாரைக் கழற்றிக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். 'செம்புழுதி' அத்தோடு முடிந்தது. அதன் பிறகு இன்று வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டதில்லை.

ஊருக்கு வந்ததும் லீலா மேரி கேட்ட முதல் கேள்வி அந்த டேப்பைப் பற்றித்தான். "அதுல அவன் பேசுவான்ல, யாருமில்லம்மான்னு... அத ஒரு தடவ போட்டுக் காட்டுப்பா. ஒரு போட்டோவத் தவிர எங்கிட்ட அவனோடது ஒண்ணுமில்ல."

ஊருக்கு வந்த இரவே வீட்டில் வைத்து எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருந்தான் சவரிராஜ். எப்போது போட்டாலும் அதே பதில்தான். "நான்தாம்மா." இதை எப்படி அவள் காதில் போடுவது? தாமதமாக வந்தேனே என்று தினம் மாரில் அடித்துக்கொள்கிறவள். டேப் மெஷினில் சிக்கி அறுந்துவிட்டது என்று பொய் சொன்னான். அவளும் சரி என்று போய்விட்டாள். அடுத்த மாதம் மறுபடியும் வந்து கேட்டாள். அறுந்ததை ஒட்ட முடியாதா என்றாள். இப்படியே மூன்று வருடம்.

கடைசியில் அவன் ஒரு காரியம் செய்தான். அந்த இடத்தில் லியோவின் குரலை அழித்தான். தன் குரலையே கொஞ்சம் மாற்றி, லியோ மாதிரியே சிரித்து, "யாருமில்லம்மா, சும்மா" என்று பதிந்தான். செத்த கூட்டாளியின் வாயை மூடுகிறோமே என்று இருந்தது. பெற்றவளுக்காகத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஒட்டியாகிவிட்டது என்று சொல்லி அவள் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டான். மணி அடித்தது. அவள் கேள்வி வந்தது. இவன் பதிந்த பதிலும் வந்தது. லீலா மேரி கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நீ பேசுனதுதானப்பா?"

சவரிராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"பெத்தவளுக்குத் தெரியாதா... பரவால்ல. நல்லாத்தான் இருக்கு."

"அத்தை, அந்த டேப்புல வந்து..."

"தெரியும். வேற மாதிரி சொல்லிருப்பான்." அவள் குரல் உடையவில்லை. "அவன் போனதுலேருந்து காட்டுல எனக்குத் தினம் கேக்குதுப்பா. சருகுல யாரோ நடக்குற மாதிரி இருக்கும். யாருடான்னு கேப்பேன். நான்தாம்மாங்கறான். ஏம்மா நீ வரலங்கறான். நான் என்னன்னு சொல்றது? அதான்... அவன் யாருமில்லன்னு சொன்ன அந்தப் பழைய பேச்சு ஒண்ணு கெடச்சா, அதக் கேட்டுட்டுத் தூங்கலாம்னு பாத்தேன்."

சவரிராஜ் அழுதான். அவளும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ போடு" என்றாள். கேசட்டையும் டேப் ரிக்கார்டரையும் அவளிடமே விட்டுவிட்டு வந்தான். தினமும் பொழுது சாய்ந்ததும் அடுத்த வீட்டிலிருந்து அந்த மணி கேட்கும். அவன் குரலும் கேட்கும். காதைப் பொத்திக்கொள்வான்.

அடுத்த வருடம் மே மாதம். முந்திரிக்காட்டில், அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டு நிமிர்ந்த அதே மரத்தடியில் லீலா மேரியைக் கண்டெடுத்தார்கள். மாரடைப்பு என்றார்கள். பக்கத்தில் கொட்டைக் கூடை கவிழாமல் இருந்தது. கால் இரண்டும் கோயிலைப் பார்த்து நீண்டிருந்தன. பிச்சைமுத்து மணி அடித்தார். ஊர் வந்தது.

அடக்கம் முடிந்து வந்து, அவள் வீட்டில் விளக்கேற்றி வைக்கப் போனான் சவரிராஜ். டேப் ரிக்கார்டர் அலமாரியில் இருந்தது. தன் குரலை இனி யாரும் கேட்க வேண்டாம், அழித்துவிடலாம் என்று கேசட்டைப் பின்னால் சுற்றினான். கடைசியாக ஒரு தடவை போட்டான்.

மணி அடித்தது. ஒரு அடி... அடங்கி... அடுத்த அடி. எல்லாம் முடிந்தது. சருகுச் சத்தம் வந்தது. அவள் கேட்க வேண்டிய இடத்தில் அவள் குரல் இல்லை. அவன் அழித்துவிட்ட லியோவின் குரல் இருந்தது. மூச்சு வாங்க, ஓடி வந்தவன் மாதிரி.

"யாரு போனது?"

இவன் தன் குரலைப் பதிந்திருந்த இடத்தில் லீலா மேரி சொன்னாள்.

"நான்தாண்டா. வந்துட்டேன்."